முகம் தெரியுமா, எத்தனை நாள் இருக்கும்? வீட்டுக் கேமராப் பதிவின் கணக்கு

திருட்டு நடந்த வீட்டில் கேமரா இருந்தும் உதவாமல் போவதற்கான காரணங்கள் ஏறக்குறைய நான்குக்குள் அடங்கிவிடும். ஆள் தெரிகிறான், முகம் தெரியவில்லை. குடும்பம் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்புகிறது; கேமராப் படத்தைச் சேமிக்கும் பெட்டியில் கடைசி ஏழு நாள் பதிவுதான் மிச்சம். ஹார்ட் டிஸ்க் எப்போதோ கெட்டுப்போயிருக்கிறது. டிவியில் நேரலைப் படம் ஓடிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுவும் இல்லையென்றால், வந்தவன் பெட்டியையே பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

இவற்றில் எதையும் விலை கூடிய கேமரா தடுத்திருக்காது. ஆனாலும் கடையில் பேச்சு கேமராவில்தான் தொடங்குகிறது: எத்தனை மெகாபிக்சல், எத்தனை மீட்டர் நைட் விஷன், போனில் தெரியுமா. பதிவைத் தேடும் நாளில் என்ன வேண்டியிருக்கும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வந்தால் லென்ஸ், டிஸ்க், கேபிள், மின்சாரம் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும். தரைத்தளமும் ஒரு மாடியும், வெளிப்பக்கமாக ஏறும் மொட்டை மாடிப் படியும், சுற்றிலும் காம்பவுண்டு சுவரும் உள்ள வழக்கமான தமிழ்நாட்டுத் தனி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு கேமரா, முப்பது நாள் பதிவு. கணக்கு இதற்குத்தான்.

ஒரு முகத்துக்கு எத்தனை பிக்சல்

கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற 2014ஆம் ஆண்டுத் தரநிலை, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று அளக்கச் சொல்கிறது. ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று அறிய 25 பிக்சல் போதும். ஏற்கெனவே பழகிய ஒருவரை இவர்தான் என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250. மனித முகம் சுமார் 16 செ.மீ. அகலம்; 250 என்ற அளவில் அந்த முகத்துக்குக் கிடைப்பது வெறும் 40 பிக்சல்தான். அதற்கும் கீழே போனால் காவல் நிலையத்தில் காட்டுவதற்கு ஒரு சட்டை நிறம்தான் இருக்கும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். அதை 250ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். அதாவது படத்துக்குள் அடங்கும் காட்சி எட்டு மீட்டருக்கும் குறைவான அகலத்தில் இருக்கும் தூரம்வரைதான் முகம் பிடிபடும். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் 2.8 மி.மீ. லென்ஸ் சுமார் 105 பாகை விரிந்து பார்ப்பதால், அந்த அகலம் கேமராவிலிருந்து மூன்று மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். 3.6 மி.மீ. என்றால் நாலேகால் மீட்டர். 6 மி.மீ. என்றால் ஏறக்குறைய எட்டு மீட்டர். போர்டிகோவில் மாட்டிய 2.8 லென்ஸ், எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் கேட்டில் நிற்பவருக்குத் தருவது 90 பிக்சல் சொச்சம். தெரிந்தவரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத அளவு.

மெகாபிக்சலைக் கூட்டினால் சரியாகுமா என்றால், ஓரளவுக்கு மட்டும்தான். 4 மெகாபிக்சலில் அகலம் 2560 பிக்சல், 2.8 லென்ஸின் எல்லை மூன்றிலிருந்து நான்கு மீட்டராகும், அவ்வளவுதான். 5 மெகாபிக்சல் என்று விற்கப்படும் பல கேமராக்களின் படம் 2560க்கு 1944. அகலம் 4 மெகாபிக்சலுக்குச் சமம், உயரம் மட்டும் கூடுதல். லென்ஸை மாற்றுவதுதான் உண்மையான மாற்றம்; அதற்குக் கூடுதல் செலவும் பெரும்பாலும் இருப்பதில்லை, கேட்டு வாங்க வேண்டும் என்பதைத் தவிர.

ஆகவே நம் வீட்டுக்கு ஒரே மாதிரி நான்கு கேமரா என்று பெட்டியோடு வாங்குவது சரிவராது. கேட்டைப் பார்க்க 4 மெகாபிக்சலில் 6 மி.மீ. ஒன்று. தலைவாசலுக்கு நேராக, வருபவர் இரண்டு மூன்று மீட்டருக்குள் முகம் காட்டும்படி 4 மெகாபிக்சலில் 2.8 ஒன்று. சமையலறைப் பின்கதவுக்கும் மாடிப்படிக்கும் 2 மெகாபிக்சலில் 2.8 அல்லது 3.6 ஒவ்வொன்று. மொட்டை மாடிக் கதவுதான் பல வீடுகளில் பலவீனமான வாசல். அதை விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்க இரண்டு கேமரா வைப்பது வேடிக்கை பார்க்க மட்டுமே உதவும். உயரம் இரண்டரை மீட்டருக்கும் மூன்றுக்கும் இடையே இருக்கட்டும். கை எட்டக் கூடாது என்று முதல் மாடிச் சுவரில் மாட்டினால் பதிவில் கிடைப்பது தலைமுடியும் தொப்பியும்.

வண்டி எண் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 ஏப்ரல் முதல் வரும் புதிய வண்டிகளில் உள்ள உயர் பாதுகாப்பு எண் பலகை ஒளியைத் திருப்பி அடிக்கும் தகடு. இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டால் அது வெள்ளைச் செவ்வகமாகத்தான் தெரியும். ஓடும் வண்டியின் எண்ணைப் பிடிக்க நெருங்கிய லென்ஸும் மிக வேகமான ஷட்டரும் கொண்ட தனிக் கேமரா வேண்டும். வீட்டு வாசல் கேமராவிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

டிஸ்க் எவ்வளவு பெரியது

நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்றே ஒன்று: நொடிக்கு ஒரு மெகாபிட் என்ற வேகத்தில் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தால் 10.8 ஜிபி. நாளுக்கு 86,400 நொடி, எட்டு பிட் ஒரு பைட், வகுத்தால் வந்துவிடும்.

படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில், நொடிக்கு 15 சட்டகம் (ஃபிரேம்) வைத்தால் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), 4 மெகாபிக்சலுக்கு 3 எம்பிபிஎஸ் நல்ல தொடக்கம். நம் நான்கு கேமராவும் சேர்ந்து 10 எம்பிபிஎஸ், நாளுக்கு 108 ஜிபி, முப்பது நாளுக்கு 3.24 டிபி. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 4 டிபி. அதில் 37 நாள் வரும். பழைய எச்.264 முறையில் இதே தரத்துக்கு ஏறக்குறைய இருமடங்கு இடம் பிடிக்கும். கடைக்காரர் இலவசமாகச் சேர்த்துத் தரும் 500 ஜிபி டிஸ்க்கில் இந்த அமைப்பு ஐந்து நாளைக்கூடத் தாண்டாது.

நொடிக்கு 25 சட்டகம் வேண்டாமா என்றால், வேண்டாம். நடந்துபோகும் ஆளுக்கு 15 போதுமானது. அதில் மிச்சமாகும் பிட்களைப் படத் தெளிவுக்குச் செலவிடலாம். பிட் வேகத்தை ஒரேயடியாகக் குறைத்து நாளை நீட்டுவதுதான் ஆபத்து. நேரலையில் நிற்கும் படம் நன்றாகவே தெரியும். ஆள் அசையும் நொடியில்தான் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக், தோஷிபா எஸ்300 ஆகியவை கண்காணிப்புக்கென்றே வருபவை. பலர் நினைப்பதுபோல் எழுதும் அளவு இங்கே பெரிய வேறுபாடு இல்லை. நம் வீட்டுக்கு ஆண்டுக்கு 40 டிபிகூட எழுதப்படாது. சாதாரண மேசைக்கணினி டிஸ்க்குக்கே ஆண்டுக்கு 55 டிபிவரை சொல்லப்படுவதுண்டு. வேறுபாடு மணிக்கணக்கில் இருக்கிறது. மேசைக்கணினி டிஸ்க் ஆண்டுக்கு 2400 மணி நேரம் ஓடும் என்று வைத்து வடிவமைக்கப்படுவது. கேமரா டிஸ்க்குக்கு ஆண்டின் 8760 மணி நேரமும் வேலைதான். இரண்டாவது, பிழை வந்தால் நடந்துகொள்ளும் விதம். கெட்டுப்போன ஓர் இடத்தைப் படிக்கச் சாதாரண டிஸ்க் பல நொடி முயன்றுகொண்டே நிற்கும். அதற்குள் நான்கு கேமராவிலிருந்தும் வரும் படங்கள் வழிந்து போய்விடும். கண்காணிப்பு டிஸ்க் அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதிக்கொண்டே போகும். அசைவு வரும்போது மட்டும் பதிவாகும் சின்ன அமைப்புக்குப் பழைய டிஸ்க் தற்காலிகமாகச் சமாளிக்கும். அதை நம்பி ஊருக்குப் போகக் கூடாது.

கேபிளும் மின்சாரமும்

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் பிறக்கின்றன, மாதக்கணக்கில் வெளியே தெரியாமலும் இருக்கின்றன.

அனலாக் வழியில் கேமராவிலிருந்து 3+1 கேபிள் டிவிஆர் என்னும் பதிவுப் பெட்டிக்கு வரும். படத்துக்கு ஒரு கோ-ஆக்சியல் வயர், மின்சாரத்துக்கு மெல்லிய வயர்கள், எஸ்எம்பிஎஸ் என்னும் 12 வோல்ட் மின்வழங்கி ஒன்று. ஐபி (கணினி வலையமைப்பு) வழியில் ஒரே கேட்6 நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் போகும், இதற்கான பதிவுப் பெட்டி என்விஆர். அனலாக் மலிவு, பழுது பார்க்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு. புதிதாக வயரிங் செய்யும் வீட்டுக்கு ஐபி என்பதே என் தேர்வு. காரணம் படத் தரமன்று, மின்சாரம்.

12 வோல்ட் கேமரா ஒன்று பகலில் 0.15 ஆம்பியர் எடுக்கும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்தால் 0.4 என்று வைத்துக்கொள்வோம். 3+1 கேபிளின் மின் வயர் 0.2 சதுர மி.மீ. செம்பாக இருந்தால் மீட்டருக்கு 0.085 ஓம் தடை. நாற்பது மீட்டர் போய்த் திரும்ப 80 மீட்டர், 6.8 ஓம். பகலில் இழப்பு ஒரு வோல்ட், கேமராவுக்கு 11 கிடைக்கும், எல்லாம் நலம். இரவில் இழப்பு 2.7 வோல்ட், மிஞ்சுவது 9.3. பல கேமராக்கள் தாங்கும் கீழ் எல்லை 9 வோல்ட். அதே வயர் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் தடை ஒன்றரை மடங்கு. கேமராவுக்கு 8 வோல்ட்கூட வராது.

அப்போது நடப்பது இது. இருட்டியதும் விளக்கு எரிகிறது, வோல்டேஜ் விழுகிறது, கேமரா அணைகிறது. அணைந்ததும் வோல்டேஜ் ஏறுகிறது, கேமரா மீண்டும் எழுகிறது, இருட்டைப் பார்த்து விளக்கைப் போடுகிறது, மறுபடி விழுகிறது. விடியும்வரை இதே சுற்று. பகலில் வந்து பார்க்கும் டெக்னீஷியனுக்கு ஒரு குறையும் தெரியாது. கேமராவை மாற்றச் சொல்லிவிட்டுப் போவார். எஸ்எம்பிஎஸ்ஸை 5 ஆம்பியரிலிருந்து 10க்கு மாற்றினாலும் தீராது, ஏனெனில் இழப்பு நடப்பது வயரில். கேமராவின் முனையில், இரவில், மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் ஒரே சோதனை. தீர்வு தடித்த வயர், அல்லது கேமராவுக்கு அருகிலேயே தனி அடாப்டர்.

பிஓஇ என்னும் கேட்6 வழி மின்சாரம் 48 வோல்ட்டையொட்டிப் போவதால் 6 வாட் கேமராவுக்கு 0.125 ஆம்பியர்தான் ஓடும். நாற்பது மீட்டரில் இழப்பு அரை வோல்ட்டைத் தொடாது. 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் தரும், கேமராவை 12.95 வாட் வந்தடையும், 100 மீட்டர்வரை போகும். இந்தத் தரநிலை எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பாசிவ் பிஓஇ என்ற பெயரில் வரும் மலிவுப் பெட்டிகள் எதிரே இருப்பது என்ன என்று விசாரிக்காமல் வோல்டேஜைத் தள்ளுபவை. பொருந்தாத கேமரா புகைந்துவிடும்.

கேபிளை வாங்கும்போது ஒரு வயரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், பிஓஇக்கு ஆகாது. கேபிள் நுனியில் மாட்டும் ஆர்ஜே45 முனைக்கு நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். சிலர் ஜோடி ஜோடியாக வரிசை போட்டு இரு முனையிலும் அதையே செய்துவிடுவார்கள். நேருக்கு நேர் சரியாக இருப்பதால் மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 ஆகிய பின்கள் ஒரே முறுக்கு ஜோடியில் வராததால் சமிக்ஞைகள் ஒன்றோடொன்று கலக்கும். ஐந்து மீட்டரில் ஓடிய கேமரா நாற்பது மீட்டரில் அடிக்கடி துண்டிக்கும். இந்தப் பழுதைத் தேடி டிஸ்க், கேமரா, பெட்டி என்று எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் பலர் முனைக்கு வருகிறார்கள்.

கேபிள் 20 அல்லது 25 மி.மீ. பிவிசி பைப்புக்குள் போகட்டும். இல்லாவிட்டால் அணிலும் எலியும் கடிக்கும். மெயின் கரண்டு வயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்கவே கூடாது. வெளியே முடியும் முனையும் கேமராவின் குட்டி வயரும் சேருமிடம் சுவரில் பதித்த பிவிசி ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஈரம் பட்ட முனையில் மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தால் செம்புப் பின்கள் பச்சை பூத்து அரித்துப்போகும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரை ஓரங்களில் உப்புக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மொத்த அமைப்பும் ரவுட்டர் உட்பட சுமார் 50 வாட்தான் எடுக்கும். 600 விஏ யுபிஎஸ் ஒன்றின் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியில் முக்கால் மணி நேரம் ஓடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனிலேயே கொடுத்துவிடலாம், ஆனால் இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்க வேண்டும். மற்ற நிலையில் கரண்டு போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் பெட்டி அணைந்து மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடப் பதிவு போகும். எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்குக்கும் அது நல்லதன்று.

இரவு

விளம்பரத்தில் 30 மீட்டர் நைட் விஷன் என்றால் முப்பது மீட்டரில் ஏதோ நிற்பது தெரியும் என்று பொருள். முகத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை மெதுவாக்கும், 1/25 நொடிவரை. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் நகர்வார். 1/25 நொடியில் 5.6 செ.மீ. முன்பு பார்த்த 250 பிக்சல் அளவில் அது 14 பிக்சல் இழுவல். 40 பிக்சல் முகத்தில் மூன்றில் ஒரு பங்கு கலைந்துபோகிறது. ஷட்டரை 1/100இல் நிறுத்தினால் இழுவல் மூன்றரைப் பிக்சலாகச் சுருங்கும், ஆனால் படம் இருண்டுவிடும். அந்த இருட்டை ஈடுகட்ட வேண்டியது விளக்கு. கேட்டில் இரவெல்லாம் எரியும் ஒரு 9 வாட் எல்இடி பல்பு, கேமராவில் கூடுதலாகச் செலவிடும் ஆயிரங்களைவிட அதிகம் செய்யும்.

அகச்சிவப்பு விளக்கு கேமராவின் முகத்திலேயே இருப்பதால் இன்னொரு தொல்லை. அதைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், கண்ணாடிக்கு முன் வலை கட்டும். இரவில் அந்த வலை ஒளிர்ந்து பாதிப் படத்தை மறைக்கும். அசைவு உணர்வுப் பதிவானால் விடிய விடியப் பூச்சிப் படம்தான் சேரும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் துடைப்பது தவிர நிலையான மருந்து இல்லை. சன்ஷேடோ வெள்ளைச் சுவரோ படத்தின் ஓரத்தில் வந்தாலும் ஒளி அதில் பட்டுத் திரும்பி மீதிப் படத்தை இருளாக்கும். கண்ணாடிக் கிண்ணம் மூடிய டோம் வகையில் தூசி படிந்தால் இதே விளைவு. வெளிப்புறத்துக்கு புல்லட் (குழல் வடிவம்) அல்லது டரெட் (கிண்ணமில்லாத உருண்டை வடிவம்) வகை மேல்.

பெட்டிக்குள் அமைப்பது

என்விஆர் பெரும்பாலும் டிஸ்க் இல்லாமல் வரும். மூடியைக் கழற்றி, டிஸ்க்கை நான்கு திருகால் அடியில் இறுக்கி, சாட்டா கேபிள் இரண்டையும் செருகி, டிவியோடும் மவுஸோடும் இணைத்து ஆன் செய்தால் முதலில் கேட்பது அட்மின் பாஸ்வேர்ட். அதை வீட்டுக்காரர்தான் தட்ட வேண்டும், மீட்பு மின்னஞ்சலும் அவருடையதாக இருக்க வேண்டும். பிறகு டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, பழையதன் மேல் எழுதும் வசதி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது அணைந்திருந்தால் 37ஆம் நாள் பதிவு சத்தமில்லாமல் நின்றுவிடும்.

நேரம் அடுத்தது. மண்டலத்தை +5:30 என்று வைத்து, இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும் என்டிபி வசதியை இயக்குங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்த பெட்டி, கரண்டு போய் வந்ததும் பல ஆண்டு பின்னால் போய்விடும். அந்தப் பதிவுகளைத் தேதி வைத்துத் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும்.

கேட், தலைவாசல் கேமராக்களை 24 மணி நேரத் தொடர் பதிவில் வைப்பதே நல்லது. டிஸ்க் கணக்கை நாம் அதற்காகத்தான் போட்டோம். அசைவுப் பதிவு இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் தென்னங்கீற்று நிழலுக்கு விழித்துக்கொள்ளும், ஓரமாக மெதுவாக வரும் ஆளுக்குச் சில வேளை விழிக்காது. மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வசதி இருந்தால் அதைத் தொடர் பதிவின் மேல் ஓர் அடையாளமாகப் பயன்படுத்துங்கள், தேடுவது எளிதாகும். எச்.265+ போன்ற கூடுதல் சுருக்க முறைகளைக் கேட் கேமராவில் அணைத்துவிடலாம். அசையாத காட்சியில் மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரத்தனம் சில வேளை முக்கியமான நொடியிலும் மிச்சம் பிடிக்கும்.

எச்சரிக்கைப் பகுதியில் டிஸ்க் பிழை, டிஸ்க் இல்லை, கேமரா துண்டிப்பு ஆகிய மூன்றுக்கும் பஸ்ஸர் ஒலியையும் போன் அறிவிப்பையும் இயக்குங்கள். செத்த டிஸ்க்கை மாதக்கணக்கில் தெரியாமல் வைத்திருப்பதிலிருந்து காப்பது இந்த ஒரு பக்கம்தான். சத்தம் தொல்லை என்று பஸ்ஸரை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் பரவலாக உண்டு. அன்று இரவே வீட்டார் ஒருவர் கேட்டிலிருந்து பின்கதவுவரை நடக்க, மறுநாள் அதைப் பதிவிலிருந்து போட்டுப் பாருங்கள். நேரலையைப் பார்த்துத் திருப்தியடைவது சோதனை ஆகாது.

பெட்டியும் இணையமும்

என்விஆரை டிவி ஸ்டாண்டில் வைத்தால் டிவியோடு சேர்ந்து போகும். பூட்டிய அலமாரி சரி, பின்பக்கம் காற்றுப் போகத் துளை இருந்தால். கான்கிரீட் கூரைக்கு அடியில் உள்ள பரண் மே மாதத்தில் டிஸ்க்கை வாட்டிவிடும். பெட்டியே போனாலும் மிஞ்சுவதற்கு, கேட் கேமராவுக்குள் ஹை எண்டூரன்ஸ் வகை 128 ஜிபி மெமரி கார்டு ஒன்று போடலாம். 3 எம்பிபிஎஸ் வேகத்தில் மூன்றரை நாளுக்கு மேல் தாங்கும். நான்கு கேமராவையும் முழு நேரம் கிளவுடுக்கு ஏற்றுவது நடைமுறையில் சரிவராது: நாளுக்கு 108 ஜிபி, மாதம் 3 டிபிக்கு மேல். பல பிராட்பேண்ட் திட்டங்களின் மாத அளவே அவ்வளவுதான். நிகழ்வுத் துணுக்குகளை மட்டும் ஏற்றலாம்.

2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீதான தாக்குதலில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியது மிராய் என்ற நிரல். அதன் படையில் பெரும் பங்கு, தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்து விடப்பட்ட வீட்டு டிவிஆர்களும் கேமராக்களும். இன்று புதிய பெட்டிகள் பாஸ்வேர்ட் வைக்காமல் தொடங்குவதில்லை. இந்தியாவில் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பெட்டியை நேராக வெளியே காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது வேண்டாம், ரவுட்டர் தானாகவே அப்படித் திறந்துவிடும் யுபிஎன்பி வசதியையும் அணையுங்கள். ஒரே இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் சிஜிநாட் பல இணைப்புகளில் இருப்பதால் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யவும் செய்யாது. வெளியிலிருந்து பார்க்க, கேமரா நிறுவனத்தின் பி2பி செயலி, அல்லது அறிந்தவர்களுக்கு விபிஎன் என்னும் மறையாக்கப்பட்ட இணைப்பு.

பெரும்பாலான வீடுகளில் இதைவிட அருகில் ஒரு கதவு திறந்திருக்கும். மாட்டியவர் சோதனைக்காகத் தன் போன் செயலியில் பெட்டியைச் சேர்த்திருப்பார். அந்தப் பிணைப்பு அப்படியே இருக்கும், உங்களுக்குப் பகிர்வு மட்டும் வந்திருக்கும். வேலை முடியும்போது அவர் கணக்கிலிருந்து பெட்டியை நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் முதன்மையாகச் சேர்த்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். சில கடைகள் ஊரெல்லாம் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதும் உண்டு.

அண்டை வீட்டு ஜன்னலோ அவர்கள் முற்றமோ படத்தில் வந்தால் பிரைவசி மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள். ஒரே வீட்டில் பங்கு உள்ளவர்களுக்கு இடையிலும் இது வழக்காகும்: குடியிருப்புப் பகுதிக்குள் உடன் வசிப்பவரின் சம்மதமின்றிக் கேமரா வைப்பது அந்தரங்க உரிமை மீறல் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னதில் தலையிட 2025இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பதிவை எடுத்துக் கொடுப்பது

சம்பவம் தெரிந்ததும் முதல் வேலை அந்த நேரப் பதிவைப் பூட்டுவது. பெரும்பாலான பெட்டிகளில் கோப்பைப் பூட்டும் வசதி உண்டு, மேலெழுதல் அதைத் தொடாது. பிறகு பென் டிரைவில் எடுக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவைப் பல பெட்டிகள் கண்டுகொள்ளாது. ஃபேட்32க்கு மாற்றிச் செருகினால் ஏற்கும். சம்பவத்துக்கு அரை மணி முன்னிருந்து அரை மணி பின்வரை, நான்கு கேமராவையும் எடுங்கள். நோட்டம் பார்க்க முன்பே வந்துபோனவன் பக்கத்துக் கேமராவில் இருப்பான். திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தேடுவதற்கு உதவலாம், சான்றாக நிற்பது கடினம். பெட்டியின் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்பதையும் அப்போதே போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இருந்த இடம் இது. சான்றிதழுக்கு இரண்டு பகுதி. முதல் பகுதியைப் பதிவைத் தருபவர், அதாவது வீட்டுக்காரர், நிரப்ப வேண்டும். பெட்டியின் வகை, மாதிரி, வரிசை எண் போன்ற விவரங்களும் கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் அதில் வரும். இரண்டாம் பகுதி நிபுணருக்கு. வரிசை எண் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். மாட்டும் அன்றே அதைப் போனில் படம் எடுத்து வைத்தால், பெட்டியே களவு போனாலும் எண் கையில் இருக்கும். விசாரணைக்காக டிஸ்க்கையே கேட்டால் கைப்பற்றியதற்கான மகஜர் நகலை வாங்கிக்கொண்டு, அன்றே வேறொரு டிஸ்க்கைப் போட்டு ஃபார்மேட் செய்து பதிவைத் தொடர வேண்டும்.